உப்பு விளையும் கரையில் தலைசுற்றல்

சித்திரை மாதத்தில் மரக்காணம் உப்பளங்களில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். பாத்தியில் படிந்த உப்பை நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் வாரி வரப்போரம் கூட்டுவது ஒருவர் வேலை. அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றிக்கொண்டு போய் மேட்டில் கொட்டுவது இன்னொருவர் வேலை. இதில் பெண்களே அதிகம். வெயில் ஏற ஏற, மேலிருந்து விழும் சூடு போதாதென்று உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்பும் சூடும் முகத்தில் அடிக்கும். கூடையை நிரப்பக் குனிந்தவர் நிமிரும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வரும். “கிறுகிறுன்னு வருது” என்று வரப்பில் உட்கார்ந்துவிடுவார். “செத்த குந்துக்கா, தண்ணி குடி” என்பார் பக்கத்துப் பாத்திக்காரர். ஐந்து நிமிடத்தில் மறுபடி கூடை தலையில் ஏறும்.

மாலையில் ஊருக்குள் டாக்டரிடம் போனால் நோய்க்குப் பெயர் கிடைத்துவிடும்: லோ பிரஷர். ஒரு குளுக்கோஸ் பாட்டில், தலைசுற்றலுக்கு ஒரு அட்டை மாத்திரை, போகும்போது “உப்பு போட்ட மோர் குடிங்க” என்று ஒரு சொல். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. இந்த மூன்றில் எது வேலை செய்கிறது, எது வெறும் ஆறுதல் என்பதை மருத்துவம் தெரிந்துகொள்ள நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நூறு ஆண்டுக் கதையில் பாதிக்கு மேல் உப்பின் கதை என்பதால், அதை மரக்காணத்தில் நின்று சொல்வது பொருத்தம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், புதுச்சேரிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் முன்னால் சாலையின் இருபுறமும் வெள்ளைப் பாத்திகள் விரியத் தொடங்கும். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த அளங்களின் பரப்பு மூவாயிரம் ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்துப் பேசப்படும் உப்பு வட்டாரம் இதுதான். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய அந்த நூலின் ஆசிரியர் நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்திலிருந்தே கல்வெட்டுகள் உண்டு. உப்பு விளைவித்தவர்கள், அதை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள் என்று இந்தத் தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியச் சாட்சி இருக்கிறது. ஆனால் அளத்தில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றி எந்தப் பழைய ஏடும் கணக்கு வைத்திருக்கவில்லை.

கணக்கு வைக்கத் தொடங்கியது கிழக்கிந்தியக் கும்பினி. அதுவும் உப்புக்குத்தான், ஆளுக்கு அல்ல. 1805ல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியின் ஏகபோகமானது. விளைந்த உப்பைக் கும்பினிக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. பின்னாளில் மரக்காணத்து உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போனது. அந்தக் கால்வாயின் வரலாற்றில் பஞ்சமும் கலந்திருக்கிறது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதியை 1877–78ல் வெட்டியவர்கள் தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த எலும்புக்கூடான மனிதர்கள். பஞ்ச வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று, பஞ்சப் பணிகளைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்தார். மண் வெட்டுகிற உடம்பு அதில் தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். உழைக்கும் உடம்புக்கு என்ன வேண்டும் என்று இந்த மாகாணத்தில் ஒரு மருத்துவர் அரசோடு மோதிய முக்கியமான தருணம் அது.

பஞ்சம் முழுவதும் தணிவதற்குள் உப்பு வரி ஏறியது. மாகாணங்களுக்கிடையே வரியைச் சமப்படுத்துகிறோம் என்று சொல்லி, 1878ல் சென்னை மாகாணத்தில் ஒரு மணங்கு உப்புக்கு இருந்த 1 ரூபாய் 13 அணா வரியை 2 ரூபாய் 8 அணா ஆக்கினார்கள். வெயிலில் வேலை செய்கிறவனுக்குத்தான் உப்பு கூடுதலாகத் தேவை. ஆக வரிச்சுமையும் அவன் தலையில்தான் கூடுதலாக விழுந்தது. 1930 மார்ச் மாதம் வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில், பணக்காரனைவிட ஏழை அதிகம் உண்ணும் ஒரே பொருள் உப்பு என்று காந்தி சொன்னது இதைத்தான். அடுத்த மாதமே ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அரசியல் வாதமாக அன்று பேசப்பட்டதற்கு உடலியல் அடிப்படையும் இருந்தது. அதை நிறுவும் வேலை அதே காலத்தில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்துகொண்டிருந்தது.

ரத்த அழுத்தம் என்பதே அப்போது புதிய அளவு. கையில் பட்டையைக் கட்டி காற்றடித்து அளக்கும் கருவியை இத்தாலியர் ரிவா ரோச்சி அறிமுகப்படுத்தியது 1896ல். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்துச் சொல்லும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னது 1905ல். அதற்கு முன் உலகில் யாருக்கும் ‘லோ பிரஷர்’ இல்லை. மயக்கம், பித்தம், சோகை, நரம்புத் தளர்ச்சி என்று வேறு பெயர்கள் இருந்தன.

1925ல் அமெரிக்க மருத்துவர்கள் பிராட்பரியும் எகிள்ஸ்டனும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். படுத்திருக்கும்போது சரியாக இருக்கும் அழுத்தம், எழுந்து நின்றதும் மளமளவென்று சரிந்து அவர்களை மயங்க வைத்தது. காலையில் மோசம், கோடையில் இன்னும் மோசம் என்றார்கள் நோயாளிகள். மருத்துவர்கள் அந்தப் பேச்சை அப்படியே பதிவு செய்ததுதான் பெரிய விஷயம். இன்றும் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி, படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் உள்ள அழுத்தத்தை ஒப்பிடுவதுதான். படுக்கவைத்து அளக்க வேண்டும். எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிற்கும்போது வரும் தாழ் அழுத்தம். இதற்குச் செலவு எதுவும் கிடையாது, கூட ஐந்து நிமிடம்தான். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் கிடைக்காத பொருளும் அந்த ஐந்து நிமிடம்தான்.

இங்கிலாந்தில், வெப்பமான ஆழச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குக் கால், வயிற்றுத் தசைகள் முறுக்கிக்கொண்டன. கப்பல் கொதிகலன்களுக்குக் கரி அள்ளிப்போட்டவர்களுக்கும் அதே வலி. 1923ல் நெவில் மாஸ் என்ற ஆய்வாளர் காரணத்தை எழுதினார்: வியர்வையில் உப்பும் நீரும் சேர்ந்து போகின்றன, இவர்களோ வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்து மிச்சமிருந்த உப்பையும் நீர்க்கச் செய்கிறார்கள். குடிநீரில் கொஞ்சம் உப்பு கலந்து கொடுத்தால் போதும் என்றார். கரி அள்ளியவர்களில் பலர் அதற்கு முன்பே பழக்கத்தில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மெக்கான்ஸ் என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தன்னையும் சில தன்னார்வலர்களையும் உப்பில்லாத உணவில் வைத்து, சூடான விளக்குகளின் கீழ் நாள்தோறும் வியர்க்க வைத்து, உடலிலிருந்து உப்பை வடித்தெடுத்தார். 1936ல் வெளியான முடிவுகளைப் படித்தால் உப்பளத்துப் புலம்பலைக் கேட்பது போலிருக்கும். நாக்கில் ருசி செத்துப்போனது, சிகரெட்கூட சப்பென்று இருந்தது, மாடி ஏற மூச்சு வாங்கியது, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு வந்தது. உப்பு உள்ளே போன சில மணி நேரத்தில் எல்லாம் திரும்பியது. உடம்பில் உப்பு குறைந்தால் நீர் தங்காது; நீர் தங்காவிட்டால் ரத்தத்தின் அளவு குறையும்; அளவு குறைந்த ரத்தம், நிற்கும்போது கால்களில் இறங்கித் தேங்கினால் மூளைக்கு எட்டாது. இந்தச் சங்கிலி முழுவதும் அந்தப் பத்தாண்டுகளில்தான் தெளிவாகியது.

மருந்துகளின் வரிசை இதே காலத்தில் தொடங்குகிறது. சீனாவின் மூலிகையிலிருந்து வந்த எபிட்ரின் முதலில் வந்தது. அதே 1920களில் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் கொண்டுவந்த கோரமின், இந்தியாவில் பல பத்தாண்டுகள் மயங்கி விழுந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்டது. பழைய தலைமுறைக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. மூச்சைச் சற்றுத் தூண்டுவதைத் தவிர அதனால் பெரிய நன்மை இல்லை என்று தெரிந்த பிறகு அது மெல்ல மறைந்தது. 1954ல் வேதியியலாளர் ஜோசப் ஃபிரைடின் குழு உருவாக்கிய ஃப்ளூட்ரோகார்டிசோன்தான் உண்மையான திருப்புமுனை. சிறுநீரகத்திடம் உப்பை வெளியே விடாதே என்று சொல்லும் மாத்திரை அது. 1959ல் நிற்கும்போது அழுத்தம் சரிபவர்களுக்கு அது பலன் தந்ததாக அறிக்கை வந்தது. ஆக, மாத்திரை புதிதாக எதையும் தருவதில்லை. உண்ணும் உப்பை உடம்பில் தக்கவைக்கிறது, அவ்வளவுதான். உப்பும் நீரும் போதிய அளவு உள்ளே போகாதவர்களுக்கு அதனால் பயன் குறைவு. எடுத்துக்கொண்டவர்கள் பலரும் சொல்லும் அனுபவம் இப்படி இருக்கும்: முதல் சில நாள்கள் மாற்றமே தெரியாது, பிறகு நிற்க முடிகிறது, கூடவே கணுக்கால் வீங்குகிறது, தலை வலிக்கிறது. பொட்டாசியம் குறைந்து தசை தளர்வதும் உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனை அவ்வப்போது வேண்டும்.

மிடோட்ரின் வேறு வகை. ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்குவது அதன் வேலை. விழுங்கிய ஒரு மணி நேரத்தில் உச்சந்தலை ஊரத் தொடங்கும், மயிர்க்கால்கள் சிலிர்க்கும். பயந்துபோய் மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அந்த ஊரலே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று பழகிக்கொண்டவர்களும் உண்டு. சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவதும் நேரும். மருந்து உள்ளே இருக்கும்போது மல்லாந்து படுத்தால் அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு ஏறும். அதனால் கடைசி வேளை மாத்திரைக்கும் படுக்கைக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். அமெரிக்காவில் 1996ல் இதற்கு விரைவு அனுமதி கிடைத்தது. வாக்களித்தபடி அடுத்தகட்டச் சோதனைகள் நடக்கவில்லை என்று 2010 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியைத் திரும்பப் பெற முனைந்தது. “இது இல்லாவிட்டால் எங்களால் நிற்கவே முடியாது” என்ற பொருளில் நோயாளிகளும் மருத்துவர்களும் குரல் எழுப்ப, மருந்து சந்தையில் நீடித்தது. அளவைகளுக்கும் நோயாளியின் அனுபவத்துக்கும் நடந்த மோதலில் அனுபவம் வென்ற அபூர்வமான நிகழ்ச்சி அது.

தாழ் அழுத்தத்தை நோயாகக் கருதி மருந்து தருவதில் ஐரோப்பாவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஜெர்மனியில் பிறவியிலேயே அழுத்தம் குறைவாக இருப்பவர்களுக்கும் சொட்டு மருந்து எழுதித் தருவது நெடுங்கால வழக்கம். பிரிட்டனில் அப்படியொரு நோயே இல்லை என்பார்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் ஆயுள் கூடும் என்று வாழ்த்தி அனுப்புவார்கள். 1989, 1990 ஆண்டுகளில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த வழக்கை மறுபடி திறந்தது. குறைந்த அழுத்தத்துக்கும் சோர்வுக்கும் தொடர்பு தெரிவதாக மனநல மருத்துவர் சைமன் வெஸ்லியின் குழு எழுதியது.

இனி அந்த அட்டை மாத்திரைக்கு வரலாம். நம் ஊர்களில் ‘தலைசுத்து மாத்திரை’ என்று கிடைப்பவை பெரும்பாலும் பீட்டாஹிஸ்டின், சின்னரசின், புரோகுளோர்பெரசின் ஆகிய மூன்றில் ஒன்று. இவை காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பில் கோளாறு வந்து, வீடு பம்பரம்போல் சுற்றும்போது தருவதற்கானவை. எழுந்ததும் கண் இருட்டுவது வேறு நோய். இதில் கவனிக்க வேண்டியது, புரோகுளோர்பெரசினே நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பது. சின்னரசினை முதியவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம். “மாத்திரை போட்டும் கேக்கல, இன்னும் தூக்கமா வருது” என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை.

குளுக்கோஸ் பாட்டிலையும் திறந்து பார்க்க வேண்டும். அரை லிட்டர் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரையும் தண்ணீரும். உப்பு ஒரு துளிகூட இல்லை. அதே அளவு நார்மல் சலைனில் நாலரை கிராம் உப்பு இருக்கும். வியர்வையில் உப்பை இழந்து வந்த ஒருவருக்கு எது தேவை என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து ஒன்றிலிருந்து நான்கு கிராம் வரை உப்பு போகிறது. வெயிலில் கடும் வேலை செய்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம்.

ஊசியே இல்லாமல் வேலையை முடிக்கும் மருந்து 1971லேயே இந்திய மண்ணில் நிரூபிக்கப்பட்டது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலிப் மகலனபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுத்தார். முப்பது சதவீதம் வரை போயிருந்த இறப்பு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். அந்த 2.6 கிராம் உப்பு, ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி அளவுதான். உப்பு போட்ட மோரும், உப்பிட்ட நீராகாரமும், கூழும் இதற்கு மிக நெருங்கிய உறவு. டாக்டர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு சொல்தான் மூன்றிலும் வலுவான மருந்து.

எல்லோருக்கும் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களுக்கு உப்பு மாத்திரைகளை வாரி வழங்கினார்கள். தண்ணீர் போதாமல் உப்பை மட்டும் விழுங்கினால் கெடுதல் என்று பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. சராசரித் தமிழர் சாப்பாட்டில் உப்பு ஏற்கெனவே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து கிராமைத் தாண்டிவிடுகிறது. உயர் அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர் தானாக உப்பைக் கூட்டக் கூடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அவர்களின் கிறுகிறுப்புக்கு உப்பு மருந்தாகாது, இரும்புச்சத்து வேண்டும்.

இன்னொரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், உயர் ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பெரிய நன்மை, பக்கவாதத்தைத் தடுக்கிற காரியம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாத்தியில் குனிந்து நிமிர்பவருக்கும் அதே மாத்திரை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரையை விடியற்காலையில் விழுங்கிவிட்டு ஆறு மணி நேரம் வியர்த்தால், உப்பும் நீரும் இரண்டு வழியாகப் போகும். தலை சுற்றுகிறதென்று பலர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் எகிறி நிற்கிறது. நிறுத்துவதற்குப் பதில், “நான் அளத்துல வேல செய்யறவ” என்று டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்ற வழியிருக்கிறது. கேட்க வேண்டியது டாக்டரின் பொறுப்பு என்றும் சொல்லலாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வியை நோயாளியிடம் தவறாமல் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமசீனி 1700லேயே எழுதிவிட்டார்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவும் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். ஏழு சதவீதம் பேரிடம் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. இதே ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பதைக் காட்டியது. அளத்தில் மறைவுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. எங்கும் சமதரை, எங்கும் வெளிச்சம். காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ குடித்துவிட்டு, மதியம் திரும்பும்வரை தொண்டையை மட்டும் நனைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு எந்த மாத்திரை எழுதுவது? ஃப்ளூட்ரோகார்டிசோன் ஈடுகட்டுவது உடம்பில் குறையும் ஹார்மோனை. இங்கே குறைவது கழிப்பறை. அதற்கு மருந்துச்சீட்டு எழுதும் அதிகாரம் உள்ளவர்கள் உப்பளக் குத்தகைதாரர்களும் அரசும்தான். மரக்காணத்து அளநிலங்களில் மத்திய அரசின் உப்புத்துறைக்கும் பங்கு இருப்பதால், கேட்கும் மனு இரண்டு அரசுகளின் வாசலிலும் ஏற வேண்டியிருக்கிறது.

மாநில அரசு 2022 முதல், வேலை நின்றுபோகும் மழைமாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்துவருகிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய், ஓ.ஆர்.எஸ். வழங்கல், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அந்த ஆணைக்குள் வருகின்றன. தண்ணீர்ப் பந்தல்கள் வழக்கமாக எழுவது பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும். உள்பாத்திகளோ சாலையிலிருந்து வரப்பு வரப்பாக நடந்து போக வேண்டிய தூரத்தில் இருக்கின்றன. ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்ஸைக் கரைக்கத் தேவையான ஒரு லிட்டர் நல்ல தண்ணீரைத் தொழிலாளி வீட்டிலிருந்தே பிளாஸ்டிக் பாட்டிலில் கட்டிக்கொண்டு வருகிறார். ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கதவுள்ள இரண்டு கழிப்பறைகள், சாய்ந்து உட்கார ஒரு திண்ணை: அடுத்த பருவத்துக்குப் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கும் தை மாதத்திலேயே இவற்றையும் ஒவ்வொரு அளத்தின் மேட்டிலும் கட்டிவிட முடியும்.